பேராவூரணித் தேங்காய் ஆலைக்குக் கோஷர் சான்று: செலவுக்குத் தகுமா?

யூதர்களின் உணவு விதிப்படி தயாரானது என்று காட்டும் கோஷர் சான்று வாங்கலாமா, எவ்வளவு ஆகும், ஆலைக்குள் வந்து என்னதான் பார்ப்பார்கள் என்று பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தேங்காய்க்காரர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். சான்று கொடுத்த ஏஜென்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது. முதலிலேயே மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு. சோதனைக்கு வந்த ரப்பிக்கு, அதாவது யூத மதச் சட்டம் படித்தவருக்கு, மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து. அவர்களுடைய அலுவலகத்துக்கு மூன்று கொடுத்தாலே அதிகம்.

எங்கள் ஆலை சின்னது. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடை இது. மேட்டூரை ஜூன் 12இல் திறப்பார்களா, திறந்தாலும் நம் வயலுக்கு வருமா என்று வருஷா வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க முடியாமல் மாமனார் காலத்திலேயே தென்னைக்கு மாறிவிட்டோம். 2018 நவம்பரில் கஜா வந்து தோப்பில் பாதிக்கு மேல் சாய்த்துவிட்டுப் போனது. மிஞ்சிய மரத்துக் காயையும் வியாபாரி சொல்கிற விலைக்குத் தள்ளிவிட மனசு வராமல், நானும் கொழுந்தனாரும் கடன் வாங்கி உலர் துருவல் போட ஆரம்பித்தோம். தொழிலில் டிசி என்போம். கூடவே கொஞ்சம் விசிஓ, அதாவது காயைக் கொப்பரை ஆக்காமல் பாலிலிருந்தே பிரிக்கிற எண்ணெய். அமெரிக்காவில் பிஸ்கட், சாக்லேட் கம்பெனிகளுக்குச் சரக்கு கொடுக்கும் ஒருவர் சாம்பிள் பார்த்துவிட்டு எல்லாம் சரி, கோஷர் இருக்கிறதா என்று கேட்டார். எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு உரிமம் இருந்தது, ஐஎஸ்ஓ இருந்தது, அதிராம்பட்டினத்து நண்பர் ஒருவர் வழிகாட்டி வாங்கிய ஹலால் சான்றுகூட இருந்தது. இது இல்லை.

விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து ஒரு இடைத்தரகர் போன் செய்தார். "யாரும் வரவே வேண்டாம் மேடம். பணத்தைக் கட்டிடுங்க, சர்ட்டிபிகேட் கூரியர்ல வந்துடும்." இந்த ஆட்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். யூத மதத்துக்கு உலகம் முழுவதற்கும் ஒரே தலைவர் கிடையாது, ரோமில் போப் இருப்பது போல ஒரு பீடமும் கிடையாது. ரப்பி என்பவர் பூசாரியும் இல்லை. சட்டம் படித்து, தீர்ப்புச் சொல்லத் தகுதி பெற்றவர். எந்த ரப்பியின் சொல்லை எந்தச் சமூகம் நம்புகிறதோ அந்த அளவுக்குத்தான் அவர் கையெழுத்துக்கு மதிப்பு. அமெரிக்காவில் வட்டத்துக்குள் யூ எழுத்துப் போட்ட முத்திரை 1923இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது என்றால், நூறு வருஷமாக ஜனங்கள் அதை நம்புகிறார்கள் என்று அர்த்தம். ஆகவே முதல் வேலை, எந்தெந்த ஏஜென்சியின் சான்றை ஏற்பீர்கள் என்று வாங்குபவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குவது. நாங்கள் அப்படி வாங்கிய பட்டியலில் இருந்து ஒன்றைத்தான் பிடித்தோம்.

கோஷர் என்றால் ரப்பி வந்து மந்திரம் ஓதி ஆசீர்வதித்துவிட்டுப் போவது என்று எங்கள் கணக்குப்பிள்ளை வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்காது. தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களில் எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்று விதிகள் இருக்கின்றன. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் லேவியராகமம் 11, உபாகமம் 14 என்று படிப்பார்களே, அதுதான். அசை போட வேண்டும், குளம்பும் பிளந்திருக்க வேண்டும். ஆடு, மாடு சரி. பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, அசை போடாது, அதனால் ஆகாது. ஒட்டகம் அசை போடும், குளம்பு சரியில்லை, அதுவும் ஆகாது. மீனுக்குத் துடுப்பும் செதிலும் வேண்டும். விரால் ஆகும், கெளுத்தி ஆகாது. மல்லிப்பட்டினத்து இறாலும் நண்டும் மொத்தமாக வெளியே. ரத்தம் கூடாது என்பதால் இறைச்சியை ஊறவைத்து உப்புப் போட்டு வடிக்கிறார்கள். பூச்சி, புழு கூடாது, ஆகவே கீரையை இலை இலையாகப் பார்த்துத்தான் சமைக்கிறார்கள்.

ஹலால் வைத்திருக்கிறோமே, அதே மாதிரிதானே என்று நான் நினைத்ததில் பாதி சரி. பன்றி, ரத்தம், அறுக்கும் முறை இதிலெல்லாம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பெரிய வித்தியாசம் பாலில் வருகிறது. "குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்று தோராவில் மூன்று இடத்தில் வருகிறது. அந்த ஒரு வரியிலிருந்து, பாலும் இறைச்சியும் ஒரே சட்டியில், ஒரே தட்டில், ஒரே வேளையில் சேரக்கூடாது என்று ஒரு பெரிய சட்டமே வளர்ந்திருக்கிறது. ஆசாரமான வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கழுவுதொட்டி. பாலும் இல்லாத, இறைச்சியும் இல்லாத பண்டத்துக்குப் பார்வே என்று பெயர். தேங்காய் பார்வே. நமக்கு வியாபாரமே இந்த இடத்தில்தான். இறைச்சிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஐஸ்கிரீம் சாப்பிட முடியாத மனிதருக்குத் தேங்காய்ப்பாலில் செய்த ஐஸ்கிரீம் கொடுக்கலாம் இல்லையா.

விண்ணப்பம் நீளமானது. தேங்காயைத் தவிர நாங்கள் ஒன்றும் போடுவதில்லை என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம் என்று பார்த்தேன். விடவில்லை. கழுவும் தண்ணீரில் என்ன குளோரின், சில வாங்குபவர்களுக்காகச் சேர்க்கும் மெட்டாபைசல்பைட் யார் தயாரிப்பு, கன்வேயரில் தடவும் கிரீஸ் மிருகக் கொழுப்பிலிருந்து வந்ததா, பாய்லர் தண்ணீரில் கலக்கும் கெமிக்கலின் சேர்மானம் என்ன என்று எல்லாவற்றுக்கும் சப்ளையர் கடிதம் கேட்டார்கள். டிசி போடுகிறவர்களுக்குத் தெரியும், சீவிய பருப்பை நீராவியில் காட்டித்தான் டிரையருக்கு அனுப்புவோம். அந்த நீராவி நேரே தேங்காயைத் தொடுகிறது, அதனால்தான் பாய்லர் வரைக்கும் கேள்வி. கிரீஸ் கடைக்காரரிடம் கடிதம் வாங்குவதற்குள் கொழுந்தனாருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சோதனை நாளில் திருச்சி விமான நிலையத்திலிருந்து ரப்பியும் ஏஜென்சியின் சென்னை ஆளும் காரில் வந்தார்கள். ரப்பி இஸ்ரேல்காரர், நடுவயது, தாடி, கறுப்புக் குல்லா, சட்டைக்கு வெளியே இடுப்பின் பக்கங்களில் தொங்கும் வெள்ளை நூல் குஞ்சங்கள். கட்டளைகளை மறக்காமலிருக்க உடையின் ஓரத்தில் குஞ்சம் வைத்துக்கொள் என்று தோராவில் இருக்கிறதாம். நான் பெண் என்பதால் கை கொடுக்கவில்லை. கும்பிட்டார். நம் ஊருக்கு அதுவே பொருந்திப் போய்விட்டது.

சுவரில் மாட்டியிருந்த சான்றுகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பாய்லரிடம் போனார். அங்கிருந்து கிளம்பும் குழாயைக் கையால் காட்டியபடி ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார். இது எங்கே போகிறது, அது எங்கே போகிறது? ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போயிருந்தது. ஆட்களுக்குச் சோறு வடிக்க, குழம்பு வைக்க நீராவிச் சட்டி ஒன்று வைத்திருந்தோம், விறகு மிச்சம் என்று. சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மீன் குழம்பா என்றார். சில நாள் நெத்திலி, சில நாள் கெளுத்தி என்றான் சமையல்கார மணியன். ரப்பி சட்டிக்கு அடியில் குனிந்து, நீராவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்பும் சின்னக் குழாயைத் தொட்டுக் காட்டி, "இந்தத் தண்ணீர் எங்கே?" என்று கேட்டார். அது பாய்லருக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். சூட்டில் ஒரு பாத்திரத்தின் ருசி இன்னொன்றுக்கு ஏறும் என்பது அவர்கள் சட்டத்தின் அடிப்படை. ஆகாத மீன் வெந்த சட்டியிலிருந்து திரும்பும் நீர், நம் தேங்காயைத் தொடும் நீராவியாக மறுபடி வருவதற்கு வழியே இருக்கக்கூடாது. திரும்பும் குழாயை வெட்டிச் சாக்கடைக்கு விடு, பாய்லரை ஒருநாள் முழுக்க நிறுத்திச் சுத்தம் செய், போட்டோ அனுப்பு என்றார். செலவு என்று பார்த்தால் பெரிதில்லை. ஆனால் ஐஎஸ்ஓ ஆடிட்டர்கள் யாருமே அந்தக் குழாயைக் கவனித்ததில்லை.

அடுத்த கேள்வி நான் எதிர்பாராதது. காய் எங்கிருந்து வாங்குகிறீர்கள், உரித்ததா, மட்டையோடா, கோயிலில் உடைத்த தேங்காய் ஏதாவது கலக்கிறதா? கோயில்களில் உடைந்த தேங்காயை ஏலம் விடுவதும், அது கொப்பரைக்குப் போவதும் நம் ஊரில் சாதாரணம். இது இஸ்ரேல்காரருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிஷம் திகைத்துவிட்டேன். சுருக்கென்றும் இருந்தது, மறைப்பானேன்? பத்துக் கட்டளைகளில் உருவ வழிபாட்டுக்குத் தடை இருக்கிறது. அதிலிருந்து, வேறொரு தெய்வத்துக்குப் படைத்ததை உண்பதும் கூடாது, அதனால் லாபம் பெறுவதும் கூடாது என்பது அவர்கள் விதி. 2004இல் இதே காரணத்தால் ஒரு பெரிய கலாட்டா நடந்திருக்கிறது. ஆசாரமான யூதப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு தலைமுடியை மறைப்பார்கள், பலர் அதற்காக விக் வைப்பார்கள். அந்த விக்கில் இருப்பது திருப்பதி முடிக்காணிக்கை என்று தெரியவந்ததும் ஜெருசலேமில் ஒரு மூத்த ரப்பி ஆகாது என்று தீர்ப்புச் சொல்ல, நியூயார்க்கின் புரூக்ளினில் பெண்கள் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். நம் பக்தி நமக்கு, அவர்கள் விதி அவர்களுக்கு. நாங்கள் தோப்பிலிருந்து மட்டையோடுதான் எடுக்கிறோம் என்று கொள்முதல் பதிவேட்டைக் காட்டினேன். ஆலை வாசலில் பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை உடைக்கும் காய் உள்ளே வராது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பிள்ளையாரை நகர்த்து என்று அவரும் சொல்லவில்லை.

மத்தியானம் அத்தை வாழை இலை அறுத்து வைத்துக் காத்திருந்தார். வெண்பொங்கலும் கத்திரிக்காய் கொத்சும். சுத்த சைவம், நெய்கூட வீட்டு நெய். ரப்பி கையைக் கூப்பி வேண்டாம் என்றார். பாத்திரம் முன்னே எதை வேகவைத்ததோ, சமைத்ததில் யூதர் கை எதுவும் இல்லை என்று அவருக்கு இரண்டு தடை. அத்தைக்கு முகம் வாடவே இல்லை. "ஆசாரக்காரர்னு சொல்லு. என் பாட்டிகூட மடியா இருந்தா அடுத்த வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு இளநீர் வெட்டச் சொன்னார். அரிவாளைக் கழுவிவிட்டு வெட்டினார்கள்.

இளநீரைக் கையில் வாங்கியவர் குடிப்பதற்கு முன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். வழுக்கையை எடுக்கும்போது மறுபடி ஒன்று. பூவன் பழத்தை உரிக்கும்போது இன்னொன்று. சென்னைக்காரர் விளக்கினார். எதைச் சாப்பிடும் முன்னும் படைத்தவனுக்கு நன்றி சொல்ல வேண்டும், பண்டத்துக்குப் பண்டம் வாசகம் மாறும். தேங்காய்ப் பருப்புக்கு "மரத்தின் கனியைப் படைத்தவன்". தண்ணீருக்குப் பொதுவான ஒன்று. வாழைப்பழத்துக்கு மட்டும் "நிலத்தின் விளைவைப் படைத்தவன்". ஏன் என்றால், தார் வெட்டியதும் செத்துவிட்டு, பக்கக்கன்றிலிருந்து புதிதாக வருவது மரம் ஆகாது என்பது அவர்கள் பழைய சட்டம். திருவையாற்று வாழைக்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார். கொழுந்தனாருக்கு அந்த இடத்தில்தான் ரப்பி மேல் மரியாதை வந்தது.

அத்தை சும்மா இருக்கவில்லை. "அவங்க சாமி எது?" என்று கேட்கச் சொன்னார். ஒருவரே, உருவம் கிடையாது, எழுதிவைத்த பெயரைக்கூட வாய்விட்டு உச்சரிப்பதில்லை என்று பதில் வந்தது. "கேள் இஸ்ரவேலே, கர்த்தர் நம் தேவன், கர்த்தர் ஒருவரே" என்பதைக் காலையும் மாலையும் சொல்கிறார்கள். அதையே தோலில் எழுதிச் சுருட்டிச் சின்னப் பேழையில் வைத்து வாசல் நிலையில் பதிக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளைத் தொழுகை. பிற்பகல் வேளைக்கு மேற்கு எது என்று கேட்டுக்கொண்டு, ஜெருசலேம் இருக்கும் பக்கமாக, எங்கள் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் முழுத் தொழுகை, தனியாக என்றால் சில பகுதிகளை விட்டுவிடுவார்கள். நீங்களும் எங்கள் மதத்துக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. யூதர்கள் மதம் மாற்ற ஆள் தேடுவதில்லை. தானே போய்ச் சேர விரும்புகிறவரையும் யோசித்து வா என்றுதான் திருப்பி அனுப்பிப் பார்ப்பார்களாம்.

யூதர் என்றாலே நம் ஊரில் டிவியில் ஓடும் சண்டைதான் பலருக்கு நினைவு வருகிறது. எனக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை. அவர் போன பிறகு உட்கார்ந்து படித்தேன். சட்டியிலும் குழாயிலும் எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு வரலாற்றில் விடை இருந்தது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, எகிப்தின் அடிமைத்தனம், மோசே, சீனாய் மலை என்பதெல்லாம் கேள்விப்பட்டதுதான். ஜெருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயத்தை கி.மு. 586இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் இடித்தான். பாரசீகனான கோரேசு திரும்பிப் போக அனுமதித்த பிறகு இரண்டாம் ஆலயம் எழுந்தது. அதை கி.பி. 70இல் ரோமானியர்கள் தரைமட்டமாக்கினார்கள். அதுவரை அவர்கள் மதத்தின் நடுவில் இருந்தது பலிபீடமும் ஆசாரியர்களும். கோயில் போய்விட்டது, பூசை இல்லை, ஊரும் இல்லை. அங்கேயே மதம் முடிந்துபோயிருக்கலாம். ரப்பிகள்தான் கோயிலில் இருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பலிக்குப் பதில் தொழுகை, பலிபீடத்துக்குப் பதில் சாப்பாட்டு மேசை. வாய்வழியாக வந்த சட்டங்களை கி.பி. 200 வாக்கில் யூதா ஹநாசி என்பவர் மிஷ்னா என்று தொகுத்தார். அதன் மேல் தலைமுறை தலைமுறையாக நடந்த விவாதங்கள் சேர்ந்து தால்மூத் ஆயின. தீர்ப்போடு, தோற்றவர் வாதத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் நம்பிக்கைகளைப் பதின்மூன்றாக வரிசைப்படுத்தினார். 16ஆம் நூற்றாண்டில் ஜோசப் காரோ தொகுத்த ஷுல்கான் ஆருக் 1565இல் வெனிஸில் அச்சானது. எங்கள் கேன்டீன் குழாயைப் பற்றி ரப்பி சொன்னதன் வேர் அந்தச் சட்டப் புத்தகங்களில்தான் இருக்கிறது.

1492இல் ஸ்பெயின் விரட்டியது, அதற்கு முன்பே இங்கிலாந்து விரட்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் நாஜிகள் 60 லட்சம் பேரைக் கொன்றார்கள். 1948இல் இஸ்ரேல் உருவானது. இன்றைக்கு உலகம் முழுக்க எண்ணினாலும் ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் அதிகம்தான், அதில் பெரும்பகுதி இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும். எல்லாரும் கோஷர் பார்ப்பதும் இல்லை. ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் முழுக்கப் பார்ப்பார்கள், கன்சர்வேடிவ் பிரிவில் ஓரளவு, ரிஃபார்ம் பிரிவில் பெரும்பாலோர் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் ஏன் இவ்வளவு பெரிய கம்பெனிகள் கேட்கின்றன? பிஸ்கட் கம்பெனிக்குக் கோஷர் முத்திரை வேண்டுமென்றால் அதற்குள் போகும் மாவு, சர்க்கரை, துருவல் எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். சங்கிலி நம் ஆலை வரைக்கும் நீள்கிறது.

சனிக்கிழமை விவகாரம் தெரியாமல் இவர்களோடு வேலை செய்ய முடியாது. வெள்ளி பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்பே வீட்டுப் பெண்கள் விளக்கேற்றிவிடுவார்கள். அதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை சப்பாத் என்ற ஓய்வுநாள். போன் இல்லை, மெயில் இல்லை, கார் இல்லை, அடுப்புப் பற்றவைப்பது இல்லை. செய்யக்கூடாத வேலைகளை 39 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலின் தொடக்கத்தைப் பாருங்கள்: விதைப்பது, உழுவது, அறுப்பது, கட்டுக் கட்டுவது, கதிரடிப்பது, தூற்றுவது. தஞ்சாவூர்க்காரர் யாரோ எழுதியது போல இருக்கிறது. மராட்டியத்தின் கொங்கண் கரையில் பெனே இஸ்ரேல் என்ற யூதர்கள் பல நூற்றாண்டு செக்காட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் அவர்களைச் சனிவார் தேலி, சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே அழைத்தார்களாம். நம் வீட்டில் சனிக்கிழமைதான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது. எண்ணெய் ஆலைக்காரியான எனக்கு இதைப் படித்ததும் அவர்கள் யாரோ எவரோ என்ற எண்ணம் போய்விட்டது.

கொச்சி யூதர்கள் இன்னும் கிட்டத்தில். சுமார் கி.பி. 1000இல், அதாவது தஞ்சையில் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் வட்டெழுத்தில் வெட்டிக் கொடுத்தான். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதர்கள் பெரும்பாலும் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சமையலில் ஒரு விஷயம் நம் தொழிலுக்கு வேண்டியது: இறைச்சிக் குழம்பில் தயிரோ பாலோ சேர்க்க முடியாததால் தேங்காய்ப்பால் ஊற்றினார்கள். சென்னையின் பவழக்காரத் தெருவும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பவள வியாபாரிகளான யூதர்களின் நினைவுதான்.

சரி, ஒரு மதிப்பெண் எங்கே போனது? சோதனை முடிந்து, குழாய் வெட்டிய போட்டோவும் அனுப்பியாகிவிட்டது. ஆகஸ்ட் கடைசி. இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்றார்கள். செப்டம்பர் பிறந்ததும் மெயிலுக்குப் பதிலே இல்லை. அவர்கள் புத்தாண்டு ரோஷ் ஹஷானா இரண்டு நாள். பத்தாம் நாள் யோம் கிப்பூர், சுமார் 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூட இல்லாத நோன்பு. அதிலிருந்து ஐந்தாம் நாள் சுக்கோத் ஆரம்பித்து ஒரு வாரத்துக்கு மேல். வனாந்தரத்தில் அலைந்த முன்னோர் நினைவாகக் குடிசை போட்டு அதில் சாப்பிடுகிறார்கள். மேலே தென்னை ஓலைகூடப் போடலாம், ஆனால் இரவில் நட்சத்திரம் தெரிகிற அளவுக்கு இடைவெளி வேண்டும். நம் கீற்றுக் கொட்டகை மாதிரி மழைக்குத் தாங்கினால் அது சுக்கோத் குடிசை ஆகாது. இதெல்லாம் அழகான பண்டிகைகள்தான், குறையே இல்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? ஆயுத பூஜைக்கு நாங்கள் நாலு நாள் மூடினால் எல்லாருக்கும் நோட்டீஸ் அனுப்புகிறோம். இவர்கள் அனுப்பவில்லை. வாங்குபவரிடம் நான்தான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பண்டிகைகள் ஆங்கில மாதத்தில் ஒவ்வொரு வருஷமும் இடம் மாறும். மாதம் நிலாக் கணக்கு, வருஷம் சூரியக் கணக்கு, இரண்டையும் இழுத்துப் பிடிக்க 19 வருஷத்தில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். அதிக மாதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மரங்களின் புத்தாண்டு என்று ஒரு நாள் தை மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும், பல வருஷம் தைப்பூசத்தோடு சேர்ந்தே.

இரண்டாவது குறை பணம். பொள்ளாச்சி ஆலைகளோடு சேர்த்து வருகிறோம், பயணச் செலவைப் பிரித்துக்கொள்ளலாம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பியிருந்தோம். பில்லில் பிரித்த மாதிரித் தெரியவில்லை. சண்டை போட்டுக் கொஞ்சம் குறைத்தோம். எங்கள் அளவு ஆலைக்கு ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது, ரப்பியின் போக்குவரத்தும் தங்குமிடமும் தனி. எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பஸ்காவுக்கும் சேர்த்துச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். எகிப்திலிருந்து புறப்பட்ட நினைவாகப் பங்குனி, சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வரும் பண்டிகை அது. அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லாமல் கிளம்பினார்கள் என்பதால், கோதுமை, பார்லி உள்ளிட்ட ஐந்து தானியங்களில் புளித்த எதுவும் அந்த வாரம் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடாது. முந்தின இரவு மெழுகுவத்தி வைத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடுவார்கள். மட்சா என்ற புளியாத ரொட்டியை, மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டெடுக்க வேண்டும். இரவு விருந்தில் கடைக்குட்டிதான் கேள்வி கேட்க, பெரியவர்கள் கதை சொல்லுவார்கள். நாம் கவனிக்க வேண்டியது அரிசி. ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் அந்த வாரம் அரிசியும் பருப்பும்கூட வழக்கமாகத் தொடமாட்டார்கள், ஸ்பெயின் வழி வந்த செபார்டி யூதர்கள் சாப்பிடுவார்கள். ஆகவே பஸ்கா சான்று வேண்டுமென்றால் துருவல் அறையில் யாரும் பரோட்டா பொட்டலம் பிரிக்கக்கூடாது, தவிட்டு மூட்டையோ அரிசி மாவோ பக்கத்தில் இருக்கக்கூடாது. எங்கள் ஆட்கள் பரோட்டாவுக்கு முணுமுணுத்தார்கள். சாப்பாட்டுக் கொட்டகையை வெளியே போட்டுக் கொடுத்ததும் அடங்கிவிட்டார்கள். பஸ்காவுக்குச் சரக்குப் பல மாதம் முன்பே ஏறிவிடும் என்பதால் வாங்குபவர் கேட்டால் மட்டும் இதில் இறங்குங்கள்.

மொத்தத்தில் யாருக்குத் தகும்? ஏற்றுமதி வாங்குபவர் கையில் இருக்கிறார், அவர் வாயாலேயே கோஷர் கேட்டார் என்றால் வாங்குங்கள், முதல் கன்டெய்னரிலேயே செலவு கண்ணுக்குத் தெரியாமல் போகும். சான்றை மாட்டிவைத்தால் ஆர்டர் தேடி வரும் என்று நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் ஒரு நல்ல சலிப்பான் வாங்கலாம். உள்ளூருக்கு எண்ணெய் ஆட்டிக் கொடுப்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். புதுப்பிக்கும் தேதியைச் செப்டம்பர், அக்டோபரில் விழாதபடி முதல் ஒப்பந்தத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள். சோதனைக்கு வெள்ளிக்கிழமை கேட்காதீர்கள், திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள். சொல்லாமல் வந்து பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, அதனால் கேட்டில் இருக்கிற வாட்ச்மேனுக்குச் சொல்லி வையுங்கள்.

தேங்காய்ப்பால் பவுடர் போடுகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. பவுடர் உதிரியாக வரச் சேர்க்கும் சோடியம் கேசினேட் பாலிலிருந்து எடுப்பது. அது ஒரு துளி போனாலும் பண்டம் பார்வே இல்லை, பால் வகை ஆகிவிடும், அதே டிரையரில் ஓடும் மற்றதும் சந்தேகத்துக்கு வரும். எங்கள் பவுடரை வேறொரு ஆலையில் கூலிக்குத் தூளாக்கி வாங்கலாம் என்றிருந்த திட்டத்தை ரப்பி இதனால்தான் சான்றுக்கு வெளியே நிறுத்தினார். கேசினேட் இல்லாத பார்முலா இருக்கிறதா என்று விண்ணப்பம் போடும் முன்பே உங்கள் டிரையர்காரரிடம் பேசிவிடுங்கள்.